கட்டை முடிஞ்சிருச்சா?

1

அய்யா இறந்து வருஷம் திரும்புகிறது. திதி கொடுக்க நாள் குறித்துத் தரும்படி இங்குள்ள கோயிலுக்குப் போன் செய்தேன். கோயில் என்றதும் கோபுரத்தை நினைத்துவிடாதீர்கள். மரச்சாமான் கிடங்காக இருந்த தகரக் கொட்டகையை நம்மவர்கள் வாங்கி, பிள்ளையாரிலிருந்து பாலாஜி வரை எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். வெளியே பனி, உள்ளே ஹீட்டர். சாமிகளுக்கு ஸ்வெட்டர் போடாததுதான் பாக்கி.

அர்ச்சகர் கும்பகோணத்துக்காரர், நல்ல மனிதர். அய்யா போன நேரத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"சார், அங்க புதன்கிழமை விடியக்காலம். இங்க அப்போ செவ்வாய்க்கிழமைன்னா? எந்த நாளை வெச்சுக்கறது?"

"அவர் அங்கதான சாமி செத்தாரு?"

"செத்தது அங்க. கொடுக்கறது இங்கன்னா? எதுக்கும் விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஊரில் என் அண்ணன் சென்றாயனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சிலமலையிலிருந்து பஸ் பிடித்துச் சுருளித் தீர்த்தத்துக்குப் போய், முழுகி எழுந்து, கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்.

போடியில் சின்னப் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுது" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார். நல்லதாக எழுத வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

2

நான் செய்கிற பொருளுக்குப் பாடப்புத்தகத்தில் மின்கலம் என்று பெயர். அந்தச் சொல்லைப் போடியில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. டார்ச் லைட்டில் போடும் செல்லுக்கு எங்கள் பக்கம் கட்டை. "ரெண்டு கட்டை குடுங்கண்ணே" என்று டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் கடைக்காரர் விறகை எடுத்துத் தரமாட்டார். மனுஷ உடம்புக்கும் அதே சொல்தான். வயசானவர்கள் "இந்தக் கட்டை போறதுக்குள்ள" என்று ஆரம்பித்தால், பேத்தி கல்யாணமோ பேரன் காதுகுத்தோ ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

அய்யாவுக்குப் பெயர் சுருளி. குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்த்தவர். ஸ்டோர் என்றால் கடை இல்லை, பறித்த பச்சைக் காயை உலர்த்துகிற கட்டிடம். ஒரு பக்கம் அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும், மேலே தட்டுத் தட்டாகக் காய் காயும். சூடு கூடினால் காய் வெடித்துவிடும், குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். வாலிபத்தில் ஏறியவர், கிழவனாகும் வரை அந்தப் புகைக்குள்ளேயே கிடந்தார். ஏலக்காய் வாசம் என்று சொல்லி இங்கே சிலர் உருகுகிறார்கள். எனக்கு உருக வராது. அந்த ஸ்டோர் புகைதான் அய்யாவின் நெஞ்சைத் தின்றது. எஸ்டேட்காரர்கள் அதற்கு ஒரு மாத்திரைகூட வாங்கித் தரவில்லை.

நான் அமெரிக்காவில் என்ன வேலை பார்க்கிறேன் என்று போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது கேட்டால், அய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கட்டை செய்யிறான்" என்பாராம்.

"அதுக்கு ஏண்ணே அம்புட்டுத் தூரம் போகணும்? நம்ம கொரங்கணியில இல்லாத கட்டையா?"

"அது கரண்டுக் கட்டைடா. காலி ஆனா மறுபடி ஊட்டிக்கிறலாம். தூக்கிப் போட வேண்டியதே இல்ல."

"அப்ப ஒனக்கு ஒண்ணு வாங்கி மாட்டிக்கண்ணே. நீயும் காலியாத்தான இருக்க."

கடையே சிரிக்கும். அய்யாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்தக் கடைப்பக்கம் போகமாட்டார் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள்.

3

எழுபதுகளின் நடுவில் நான் இங்கே வந்தபோது பெட்ரோல் விலை எகிறிக் கிடந்தது. அமெரிக்கக்காரன் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். இனிக் கார் எல்லாம் பேட்டரியில்தான் ஓடும் என்று பேச்சு. பேட்டரி என்ற சொல்லை உச்சரித்தவனுக்கெல்லாம் பல்கலைக்கழகத்தில் பணம் கொடுத்தார்கள். மதுரையில் கெமிஸ்ட்ரி படித்த எனக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது.

ஈயக் கட்டை கனம். லித்தியமோ உலோகங்களிலேயே லேசானது. எல்லாரும் லித்தியத்தின் பின்னால் ஓடினோம். அப்போதைய மோஸ்தர் டைட்டானியம் சல்பைடு. அது அடுக்கடுக்காக இருக்கும். கட்டை வேலை செய்யும்போது லித்தியம் அந்த அடுக்குகளுக்கு நடுவே புகுந்து உட்காரும். கரண்டு ஊட்டினால் வெளியே வந்து பழைய இடத்துக்குப் போய்விடும். அடுக்கு கலையாது. இதை இங்கே வீட்டுக்காரன், விருந்தாளி என்று சொல்லித்தான் பாடம் நடத்துவார்கள். என் பேராசிரியர் முதல் நாளே எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, "இதோ நம்முடைய விருந்தாளி. வேலை முடிந்ததும் வெளியே போய்விடுவான், வீடு கலையாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டினேன்.

சல்பைடில் துளி ஈரம் பட்டாலும் அழுகின முட்டை நாற்றம் எடுக்கும். என் சட்டையில், தலைமுடியில், பஸ்ஸில் நான் உட்கார்ந்து எழுந்த சீட்டில் எல்லாம் அந்த நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போவார்கள். இந்தியர்கள் இப்படித்தான் நாறுவார்கள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அது டைட்டானியம் சல்பைடு என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லவா முடியும்?

எழுபதுகளின் கடைசியில் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். செல்வியைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது அய்யா போடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். அப்போதே இருமல் ஆரம்பித்திருந்தது.

"அப்பு, அந்தக் கட்டை முடிய எம்புட்டு நாளாகும்?"

"ரெண்டு வருஷம் ஆகும்யா. முடிஞ்சதும் வந்துர்றேன். இங்கயே காரைக்குடி ஆராய்ச்சிக்கூடத்துலயோ மெட்ராஸ்லயோ வேலை தேடிக்கிறேன்."

"வெரசா முடிச்சுட்டு வாப்பு. ஒன் கட்டை முடியிறதுக்கு முன்னாடி என் கட்டை முடிஞ்சிரப் போகுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். செல்வியும் சிரித்தாள். அப்போது அது வெறும் கேலிதான்.

4

சல்பைடுக் கட்டை முடியவில்லை. முடிவதற்குள் மோஸ்தர் மாறிவிட்டது. எண்பது பிறந்ததும் இங்கிலாந்துப் பக்கமிருந்து கோபால்ட் ஆக்சைடு வந்தது. அதுவும் அடுக்குத்தான், ஆனால் இரண்டு மடங்கு மின்னழுத்தம் தருகிறது, நாற்றமும் இல்லை. ஒரே வருஷத்தில் சல்பைடுக்காரர்கள் எல்லாரும் ஆக்சைடுக்காரர்கள் ஆனார்கள். பெட்ரோல் விலையும் இறங்கத் தொடங்கியது. கார்ப் பேச்சு போய், கையில் தூக்கிக்கொண்டு திரியும் ரேடியோவுக்கும் கேமராவுக்கும் பேட்டரி என்று பேச்சு திரும்பியது. பேராசிரியருக்குப் பணம் நின்றது. நான் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறினேன். விசாவும் மாறியது, கிரீன் கார்டு என்கிற பச்சை அட்டைக்கான வரிசையும் முதலிலிருந்து தொடங்கியது. வரிசையில் நிற்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று வக்கீல் சொன்னார். நான் போகவில்லை.

ஊரில் எங்கள் வீட்டில் போன் இல்லை. போடியில் அய்யாவுக்குத் தெரிந்த ஒரு ஏலக்காய் கமிஷன் கடையில் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் அங்கே கூப்பிடுவேன். முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுவதால் அய்யாவும் அண்ணனும் சிலமலையிலிருந்து வந்து காத்திருப்பார்கள். மணி அடித்ததும் அய்யாதான் எடுப்பார். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி.

"கட்டை முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லய்யா."

"சரி."

அப்புறம்தான் மற்ற பேச்சு. அண்ணன் கைக்கு ரிசீவர் வரும்போது நேரம் முடிந்திருக்கும். அவர் "வச்சுர்றேண்டா தம்பி" என்று சொல்லத்தான் வருவார்.

முதலில் நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். பிறகு வருகிறேன் என்று சொன்னேன். கடைசியில் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அய்யா ஒரு தடவைகூட இதைச் சுட்டிக்காட்டவில்லை.

5

நடுவில் ஒரு கேசட் வந்தது. ஊருக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அய்யா மலையில் ஸ்டோருக்குள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தது. ஆசையோடு போட்டோம். கீச்சுக்கீச்சென்று ஒரு எலிக்குரல் படபடவென்று ஓடியது.

எனக்குப் புரிந்துவிட்டது. டேப் ரிக்கார்டரில் இருந்த கட்டை தீரும் நிலையில் இருந்திருக்கிறது. மெதுவாகச் சுற்றிப் பதிந்த குரல், இங்கே சரியான வேகத்தில் ஓடும்போது இப்படித்தான் கேட்கும். லித்தியக் கட்டை செய்கிறவனின் அப்பாவுக்கு, நாலு நல்ல கட்டை போட்டுப் பேச வழியில்லை.

என் மகள் தாமரைச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வாயில் நுழையாமல் 'டாமி' என்று சுருக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் அது நாய்க்கு வைக்கிற பெயர் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"தாத்தா கார்ட்டூன் மாதிரி பேசறாரு. இன்னொரு வாட்டி போடுங்கப்பா!"

"தாத்தா குரல் இது இல்லம்மா. கட்டை போயிருச்சு, அதான் இப்படி."

"கட்டைன்னா?"

"பேட்டரி."

"அப்ப பேட்டரின்னே சொல்ல வேண்டியதுதான?"

அவளுக்குத் தாத்தா என்றால் அந்த எலிக்குரல்தான். வேறு குரலை அவள் கேட்கவே இல்லை. போனில் பேசச் சொன்னால் வெட்கப்பட்டு ஓடிவிடுவாள். நான் அந்தக் கேசட்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுக் கேட்டேன். அய்யாவின் குரல் கிடைத்தது. "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சோலிதாம்ப்பு, ஈரத்த வெரட்டுற சோலி" என்று சொல்லிச் சிரித்திருந்தார். நான் முன்பு பேச்சுவாக்கில் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. லித்தியத்துக்கு ஈரம் ஆகாது. நாங்கள் வேலை செய்யும் அறையின் காற்றில் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும். அவருக்குப் புகை, எனக்கு இது. கேசட்டில் சிரிப்புக்கு நடுவே இருமல் வந்து, நிற்காமல் நீண்டுகொண்டே போனது. அதையும் கேட்டேன்.

அந்த வாரமே லீவு கேட்டேன். கம்பெனியில் என் மேலாளர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். எங்கள் கட்டையில் ஒன்று தீப்பிடித்திருந்த சமயம் அது. திரும்பத் திரும்பக் கரண்டு ஊட்டும்போது லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவில் உள்ள திரையைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் நெருப்புத்தான். "இப்போது நீ போனால், வந்து பார்க்கும்போது உன் மேஜை இருக்காது" என்றார். பயமுறுத்தலாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோல் சொன்னார். எனக்குக் குடும்பம் இருந்தது, பச்சை அட்டை வரவில்லை. நான் மேஜைக்குத் திரும்பினேன்.

6

நெருப்புக்கு அப்புறம் மோஸ்தர் மறுபடி மாறியது. லித்தியத்தை உலோகமாக வைத்தால்தானே ஊசி வளரும்? அதற்குப் பதில் கரியை வைப்போம், கரியும் அடுக்குத்தான், லித்தியம் அதற்குள் போய் உட்காரட்டும் என்றார்கள். ஒரு பக்கம் ஆக்சைடு, ஒரு பக்கம் கரி, நடுவில் லித்தியம் போவதும் வருவதும். ஜப்பான்காரர்கள் இதில் முந்திக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆய்வரங்குகளில் கிசுகிசுப்பார்கள். நல்ல கிராஃபைட்டை வைத்தால் கட்டைக்குள் நாங்கள் ஊற்றும் திரவம் அதைத் தோல் தோலாக உரித்துப் போட்டது. மட்டமான கோக் கரி தாக்குப் பிடித்தது. இதைக் கண்டுபிடிக்கவே வருஷங்கள் போயின.

அய்யாவால் மலையேற முடியவில்லை. ஸ்டோர் வேலையை விட்டுவிட்டுச் சிலமலையில் அண்ணன் வீட்டோடு இருந்தார். ஆனாலும் போன் என்றால் போடிக்கு வந்துவிடுவார். கடைசித் தடவை மூச்சு வாங்கிக்கொண்டேதான் கேட்டார்.

"கட்டை... முடிஞ்சிருச்சா?"

"இந்த மாசம் முடிஞ்சிரும்யா. முடிஞ்சதும் மறுநாளே டிக்கெட் போடுறேன்."

"இந்த மாசமா?"

"ஆமாய்யா. நெசமாத்தான்."

"அப்ப இருக்கேன்" என்றார்.

சொன்னபடியே அந்த மாசம் கட்டை முடிந்தது. கம்பெனி கேட்ட அளவுக்கு என் கட்டை தாங்கியது, நெருப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, முடிந்தது என்று அறிவித்தார். கேக் வெட்டினார்கள். பச்சை அட்டையும் முந்தின மாசம்தான் கைக்கு வந்திருந்தது. இனி என்னைத் தடுக்க ஒன்றுமில்லை. நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, அய்யாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் கேட்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டு சொல்வதா, கேட்க விட்டுச் சொல்வதா? கேட்க விட்டுச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

7

சாப்பிட உட்காரும்போது போன் அடித்தது. இந்தியாவிலிருந்து அழைப்பு என்றாள் ஆப்பரேட்டர். ஊரிலிருந்து போன் என்றால் இங்கே எல்லாரும் கெட்ட செய்தியைத்தான் நினைப்பார்கள். எனக்கு அன்று அந்த நினைப்பே வரவில்லை. நான் கூப்பிட நினைத்திருக்கும்போது அவர்களே கூப்பிடுகிறார்களே என்றுதான் தோன்றியது. மாசம் முடிகிறது, அய்யாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன்.

லைனில் கடல் இரைச்சல். நான் சொன்னதே எனக்குத் திரும்பக் கேட்டது. அதற்குள்ளிருந்து அண்ணன் குரல் துண்டு துண்டாக வந்தது.

"தம்பி... அய்யா சொன்ன... மாதிரி... கட்டை முடிஞ்சிருச்..."

கடைசி எழுத்து இரைச்சலில் போய்விட்டது. எனக்கு அது 'சா' என்று கேட்டது. பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தச் சொல்லின் கடைசியில் என் காதில் விழுந்தது 'சா'தான்.

"முடிஞ்சிருச்சுண்ணே!" என்று கத்தினேன். சிரித்தேன். வாய் கொள்ளாமல் சிரித்தேன். "இன்னைக்குத்தான் முடிஞ்சுச்சு!"

லைன் அறுந்தது. அறுந்தது தெரியாமல், "அய்யாகிட்டச் சொல்லு, இந்த வாரமே வர்றேன்" என்று நான் வெறும் ரிசீவரில் பேசிக்கொண்டிருந்தேன்.

செல்வி கேசரி கிண்டினாள். தாமரை தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஊரில் அந்த நேரத்தில் அய்யாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

வியாழக்கிழமை தந்தி வந்தது. அய்யா காலமானார், இறுதிச் சடங்கு முடிந்தது என்று இங்கிலீஷில் இரண்டு வரி. புதன் விடியற்காலை என்று போட்டிருந்தது. நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். புதன் விடியற்காலையில் இறந்தவர், செவ்வாய்க்கிழமை போன் வந்தபோது உயிரோடு இருந்திருக்க வேண்டுமே என்று என் புத்தி தறிகெட்டு ஓடியது. செல்விதான் கையிலிருந்து தந்தியை வாங்கிப் படித்தாள். கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். பிறகு தந்தியை மடித்து மேஜையில் வைத்தாள்.

"ஏங்க... அன்னைக்கு உங்கண்ணே கேக்கலைங்க. சொல்லிருக்காரு."

8

கம்பெனியில் துக்க லீவுக்கு ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். என் பாஸ்போர்ட்டில் அய்யா பெயர்தான் கடைசிப் பெயர். சுருளி என்று வாயில் வராமல், வந்த நாளிலிருந்து இங்கே எல்லாரும் என்னை மிஸ்டர் ஷர்லி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த ஊரில் அது பெண்பிள்ளைப் பெயர். பாரம் வாங்கின அம்மாள், இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டாள். சுருளி என்றேன்.

"ஷர்லி... அது உங்கள் பெயர் அல்லவா?"

"என் அப்பா பெயர். அதைத்தான் நீங்கள் எனக்கு வைத்திருக்கிறீர்கள்."

"அவருடைய கடைசிப் பெயர்?"

"அவ்வளவுதான் பெயர்."

பெயர் ஒன்றுதான் என்பதை அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. எதையோ எழுதி முத்திரை குத்தினாள். வெளியே வந்து பார்த்தால், உறவு என்ற இடத்தில் தாயார் என்று இருந்தது. ஷர்லி பெண்ணாகத்தானே இருக்க முடியும்? திருத்தச் சொன்னால் இன்னொரு பாரம், இன்னொரு நாள். விமானம் போய்விடும். என் அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போனவள். அவள் இங்கே கம்பெனிக் கணக்கில் இன்னொரு தடவை இறந்தாள்.

நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது என் மேஜை இருந்தது. கட்டைதான் இல்லை. பணம் போட்டவர்கள் பேட்டரியில் லாபம் வர நாளாகும் என்று வேறு எதற்கோ மாறிவிட்டார்கள். என் கட்டையை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரியில் ஏற்றியிருந்தார்கள். இப்போது நான் செய்வது காது மெஷினுக்கான பொத்தான் செல். கரியும் ஆக்சைடும் சேர்ந்த அந்த ஜோடியை எவனோ ஒருவன் ஒருநாள் உலகம் முழுக்க விற்கத்தான் போகிறான். விற்கட்டும், நான் வாங்கமாட்டேன்.

9

அந்தத் துக்கத்துக்குப் போய்ப் போடியில் நான் பஸ் இறங்கியபோதே தெரிந்துவிட்டது. டீக்கடையில் பேச்சு நின்றது. கமிஷன் கடைக்காரர் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, கணக்கைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கடை போனில் பேசினால் கடை முழுக்கக் கேட்கும். செத்த செய்தி சொன்னதற்குச் சிரித்த மகன் என்று ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. சிலமலையில் பங்காளி வீட்டுக் கிழவர் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"ஏண்டாப்பு, அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சா?"

நான் விளக்கினேன். 'சு' என்று சொன்னது 'சா' என்று கேட்டது என்று சொன்னேன். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். படித்தவன் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டார், கட்டிலை எனக்கு விட்டுவிட்டுத் தரையில் படுத்தார். பேசவில்லை. நான் கிளம்புவதற்கு முந்தின நாள், எஸ்டேட்டில் கிடக்கும் அய்யாவின் டிரங்குப் பெட்டியை எடுத்துவரக் குரங்கணிக்குப் போனோம். அங்கிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போகிற ஜீப்பில் பின்னால் உட்கார்ந்தோம். சாக்குகளின் மேல் ஆளுக்கொரு பக்கம். ரோடு எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீயாவது நம்புறியா இல்லையா? அய்யா போனதுக்கு நான் சிரிப்பனா? நீ என் கட்டையத்தான் கேக்குறேன்னு நெனச்சேண்ணே. சத்தியமா."

அண்ணன் சரிந்த சாக்கை இழுத்து நேராக வைத்தார். அடுத்த வளைவில் ஜீப் வேகம் குறைந்து இரைச்சல் அடங்கியது.

"நீ தப்பாக் கேட்டுட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. ஊர்ல பேசுறவங்களுக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்ப ஏண்ணே எங்கூடப் பேச மாட்டேங்குற?"

"இத்தன வருசத்துல நான் ஒரு நாளாச்சும் ஒன் கட்டையப் பத்திக் கேட்டிருக்கனா?"

நான் யோசித்தேன். கேட்டதில்லை.

"நடக்க மாட்டாம வந்து ஒக்காந்தாலும், மணி அடிச்சா என்னயத் தள்ளிவிட்டுட்டு அவருதானடா எடுப்பாரு? அவரு ஒருத்தருதானடா கேப்பாரு?" அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"போன்ல மொதச் சத்தம் என் சத்தமா இருக்கும்போதே, அய்யா இல்லைன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமாடா?"